ஏழரைக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவில்

ஏழரைக்குத் தமிழ்ப்பள்ளி வாசலில்
பதினொரு பிள்ளைகளை இறக்கிவிட்டு
வேனைத் திருப்பினால்
ஒன்றேகால் வரை நான் யாருக்கும் வேண்டாம்.
அதற்குள்தான் என் புற்றுநோய் நடந்தாக வேண்டும்.

போன வருஷம் சொன்னார்கள்,
கோலாலம்பூரில் புது மருந்து ஒன்றைப் பார்க்கிறார்கள்,
உங்கள் கட்டிக்குப் பொருந்தும்,
மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்வர முடியுமா என்று.
நிபோங் திபாலிலிருந்து இரவு பஸ்,
காலையில் ஊசி, மறுநாள் திரும்பல்.
பிள்ளைகளை யார் ஏற்றுவது என்று கேட்டேன்.
டாக்டருக்கு அது மருத்துவக் கேள்வியாகத் தெரியவில்லை.

மேபல் ராணி போனாள்.
கிமோ அறையில் என் பக்கத்து நாற்காலி அவள்.
செந்தூலில் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் பாய்,
விடியுமுன் சுருட்டிவைக்க வேண்டிய பாய்.
நாலாவது தடவையோடு நின்றுகொண்டாள்.
'சொந்தக் காரணம்' என்று எழுதிக்கொண்டார்களாம்.
சரிதான்.
காரணம் சொந்தம்தான்.

இந்த வருஷம் இன்னொன்று
எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறது,
பழைய பல் டாக்டர் அறைக்கு.
சுவரில் இன்னும் பல் துலக்குகிற முதலை.
அதன் வாலுக்குக் கீழே புது ஃப்ரீசர், தனிப் பூட்டு.
துர்காஷினி தமிழ்த் தாளை வரி வரியாய்
ஒன்றரை மணி நேரம் வாசித்தாள்.
'மருத்துவச் சோதனை' என்று வந்ததும் சிரித்துவிட்டேன்.
சோதனைக்கு நான் புதுசா?
அவளும் சிரித்தாள்.
இந்தச் சொல் வேண்டாமென்று நானும் எழுதிப் போட்டேன் அக்கா,
ஒரு சொல்லை மாற்றவும் ஒரு குழு கூடணும்.
கூடும்வரை
சோதனைதான்.

வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு.
கூடவே ஒரு மாத்திரை,
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எதுவென்று கம்ப்யூட்டர் குலுக்கும்.
டாக்டர் ஊய்க்கும் தெரியாது.
முப்பது வருஷமாய் நாலு நம்பர் எடுத்து
ஆறுதல் பரிசுகூட அடிக்காதவள் நான்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
வேண்டாமென்றாலும் இதே நாற்காலி, இதே ஊசி உண்டு என்றாள்.
அதை இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.
மூன்று நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டேன்,
டீசல் பில்லில் போடுவதைவிடக் கொஞ்சம் நிதானமாக.

அவர்கள் தாளில் எனக்குப் பெயரில்லை,
நான்கு இலக்கம்.
தெரிந்த அன்றே தம்பி கடைக்குப் போய் அதில் பணம் கட்டினான்.
அடிக்கவில்லை.

எட்டு மணிக்கு ஆறு குப்பி ரத்தம்.
பத்து மணிக்கு ஒரு பையன்
உலர்பனிப் பெட்டியில் அதை ஏற்றிக்கொண்டு
இரண்டாம் பாலத்தில் ஓடுகிறான்,
பாயான் லெப்பாஸில் விமானம் காத்திருக்காது.
சிங்கப்பூர் வரை போகுமாம்.
நான் இதுவரை விமானம் ஏறியதில்லை.
காகிதக் கோப்பையில் மைலோவோடு
முதலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்,
பாலம் கடப்பது ரத்தம் மட்டும்.

கசந்தால் மருந்து என்று நினைத்து
ஒருநாள் மாத்திரையை நக்கிப் பார்த்தேன்.
மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள்.

ஒன்று ஐந்துக்கு எஞ்சினைக் கிளப்பினேன்.
முன் சீட்டுக்குச் சண்டை போட்டு ஜெயித்த தேஷ்வின்
என் கைப் பஞ்சைப் பார்த்துவிட்டான்.
ஊசியா ஆன்ட்டி?
ஆமா.
போட்டா சரியாயிடுமா?
தெரியாதுடா, அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க.
யாரு?
கியரை மாற்றினேன்.
நானும்தான் என்றேன்.
பெல்ட்டைப் போடு.